ஒரு லட்சத்து இருபதாயிரம் என்னும் கோடு: செங்கல்பட்டுக் கடற்கரையில் வருமானமும் அரசு மருத்துவக் காப்பீடும்

1. கேள்வி

கோவளத்தில் தொடங்கி நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பல வகைப் பிழைப்புகளைக் கடந்துவிடலாம். மீன்பிடிக் குப்பங்கள், சிற்பப் பட்டறைகள், தங்கும் விடுதிகள், தெற்கே கல்பாக்கம் அணுசக்தி நகரியம் எல்லாம் இந்தச் சாலையில் உண்டு. மேற்கே திரும்பினால் சிறுசேரியின் கணினி நிறுவனங்களும், ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர், மகேந்திரா சிட்டித் தொழிற்சாலைகளும் வருகின்றன. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டம் இத்தனை வகைச் சம்பாத்தியங்களையும் ஒரே எல்லைக்குள் வைத்திருக்கிறது.

இப்படிப் பல வகையில் சம்பாதிப்போரில் ஐந்து பேருக்கு ஒரே நாளில் ஒரே மாரடைப்பு வருவதாகக் கொள்வோம். நோய் ஒன்றுதான். ஆனால் மருத்துவமனைக் கட்டணத்தை அடைக்கும் வழி ஐவருக்கும் வேறு வேறு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு, அணுசக்தித் துறை ஊழியருக்குத் துறையின் பங்களிப்பு மருத்துவத் திட்டம், கணினிப் பொறியாளருக்கு நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு, மீனவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஐந்தாமவருக்கு எதுவுமே இல்லாமல் போகலாம். எவர் எந்த வரிசையில் நிற்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வருமானம். அல்லது வருமானம் என்று தாளில் எழுதப்பட்ட ஓர் எண்.

இக்கட்டுரை இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. வருமான வரம்பு உண்மையிலேயே உதவி தேவைப்படுபவரைக் கண்டுபிடிக்கிறதா? அந்த வரம்பைத் தாண்டியவருக்கு மருத்துவச் செலவு எப்படி மாறுகிறது? மாதச் சம்பளச் சீட்டு இல்லாத ஒரு கடற்கரையில் வருமானத்தை எவரும் அளப்பதில்லை, சான்றளிக்க மட்டுமே செய்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். அளக்கப்படாத ஒன்றின் மேல் போடப்பட்ட கோடு, ஏழையையும் ஏழையல்லாதவரையும் பிரிப்பதைவிடத் தாள் உள்ளவரையும் தாள் இல்லாதவரையும்தான் பிரிக்கிறது.

2. கோடு வந்த வழி

2007இல் ஆந்திரத்தில் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீயும், 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த 30,000 ரூபாய்க் காப்பீடும் ஏழைகளின் மருத்துவமனைச் செலவை அரசு பிரீமியம் கட்டி ஏற்கும் முறைக்கு வழி திறந்தன. தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். தகுதி பெற்றவர்கள் இரு வகையினர்: 26 நல வாரியங்களின் உறுப்பினர் குடும்பங்கள், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்கள். இன்று நாம் விவாதிக்கும் கோடு அங்கேதான் பிறந்தது.

2012 ஜனவரி 11 அன்று அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பழைய திட்டத்தை நடத்திய தனியார் நிறுவனத்தின் இடத்தில் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா அமர்ந்தது. காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 1 லட்சமாகவும் சில சிகிச்சைகளுக்கு 1.5 லட்சமாகவும் ஆனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின் ஆண்டுக்கு 5 லட்சமாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டபோதுதான் வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக்கப்பட்டது. அப்போது சுமார் 1.37 கோடிக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 849 ரூபாய் வீதம் அரசு ஆண்டுப் பிரீமியம் கட்டும் என்று அறிவிக்கப்பட்டது. பயனாளி ஒரு ரூபாயும் கட்டுவதில்லை.

இந்த வரலாற்றில் ஒரு முரண் கண்ணில் படாமலே இருக்கிறது. 2009இல் நான்கு ஆண்டுக்கு 1 லட்சம், அதாவது ஆண்டுக்கு 25,000 ரூபாயாக இருந்த பாதுகாப்பு, 5 லட்சமாகி இருபது மடங்கு உயர்ந்துவிட்டது. தகுதிக் கோடு உயர்ந்ததோ ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவு. வீட்டின் கூரையை உயர்த்திக்கொண்டே போனவர்கள் வாசலை உயர்த்த மறந்துவிட்டார்கள்.

வாசல் எவ்வளவு தாழ்ந்தது என்பதை நூறு நாள் வேலைத் திட்டக் கூலியைக் கொண்டு அளக்கலாம். ஊரகத்தில் உடலுழைப்புக்கு அரசே நிர்ணயிக்கும் அடிமட்டக் கூலி அது. 2009இல் தமிழ்நாட்டில் அது நாளொன்றுக்கு 100 ரூபாயைத் தாண்டவில்லை; 72,000 ரூபாய் ஈட்ட 720 நாள் உழைப்பு வேண்டும். இரண்டு பேர் ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஓய்வின்றி உழைத்தால்தான் ஒரு குடும்பம் கோட்டைத் தொடும். 2021-22இல் கூலி 273 ரூபாய். அதே 72,000 ரூபாய் 264 நாளில் வந்துவிடும். 2022இல் கோடு உயர்ந்தபின், 281 ரூபாய்க் கூலிக்கு 427 நாள். 2025-26இல் கூலி 336 ரூபாயானபோது அது 357 நாளாகச் சுருங்கிவிட்டது. ஆண்டின் 365 நாளும் அந்தக் கூலியில் ஒரே ஓர் ஆள் உழைக்கும் குடும்பத்தின் வருமானம் 1,22,640 ரூபாய். அரசு நிர்ணயித்த அடிமட்டக் கூலியே அரசு வகுத்த ஏழ்மைக் கோட்டைத் தாண்டுகிறது. 2009 முதல் 2022 வரை விலைவாசி இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததைக் கணக்கில் கொண்டாலும், பழைய 72,000 ரூபாயின் மதிப்பைக் காக்கவே வரம்பு 1.44 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 2022இல் நடந்தது உயர்வு போலத் தெரிந்தாலும், உண்மை மதிப்பில் பழைய வாசலைவிடத் தாழ்ந்த வாசலே புதிதாகக் கட்டப்பட்டது.

3. ஒரே ஊரில் பல ஏழ்மைகள்

வருமான வரம்பு இயற்கையில் இருக்கும் ஒரு பொருள் என்று நாம் நினைக்கப் பழகிவிட்டோம். ஆனால் ஒரே குடும்பத்தின் மேல் அரசுகள் போட்டிருக்கும் கோடுகளை அடுக்கினால் அந்த எண்ணம் கலைந்துவிடும்.

2023 செப்டம்பர் 15 அன்று பக்கத்துக் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு வகுக்கப்பட்ட வரம்பு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய். ஈ.எஸ்.ஐ.யின் ஊதிய வரம்பு 2017 ஜனவரி 1 முதல் மாதம் 21,000 ரூபாய், ஆண்டுக்கு 2.52 லட்சம், அதுவும் ஒரு தனி ஆளின் சம்பளம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த இட ஒதுக்கீட்டுக்கு 8 லட்சம் ரூபாய். இவற்றுக்கு நடுவே மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் குடும்பத்துக்கு 1.2 லட்சம்.

ஆண்டுக்கு 1.8 லட்சம் ஈட்டும் ஒரு கொக்கிலமேட்டுக் குடும்பத் தலைவி மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை பெறும் அளவுக்கு ஏழை. இதய அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு பெறும் அளவுக்கு ஏழையில்லை. குடும்பத்தை ஒரே நாளில் கவிழ்க்கக்கூடிய செலவுக்குத்தான் வரம்பு மிகக் கடுமையாக இருக்கிறது. வரம்புகள் வேறுபடுவதே தவறு என்று சொல்லவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு. ஆனால் இழப்பின் அளவு கூடக்கூட வரம்பு தளர வேண்டும் என்பதே காப்பீட்டின் தர்க்கம். இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

மத்தியத் திட்டத்தின் கோடு வேறு வகையானது. ஆயுஷ்மான் பாரத் வருமானத்தைக் கேட்பதில்லை. 2011ஆம் ஆண்டு சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. அக்கணக்கெடுப்பு, ஊரகக் குடும்பம் ஒன்றிடம் சில பொருள்கள் இருந்தாலே அதை ஏழைகள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி, குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வருமானம் ஆகியவற்றோடு இயந்திரம் பொருத்திய வாகனமும் மீன்பிடிப் படகும் அந்த நீக்கல் பட்டியலில் இருந்தன.

இதன் பொருளைச் செங்கல்பட்டுக் கடற்கரையில் வைத்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக இக்கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகளும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் வந்தன. கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் அவை பிடித்துக்கொண்டன. பேரழிவில் எல்லாம் இழந்தவர் என்று கருதி ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட படகே, ஏழாண்டு கழித்து வந்த கணக்கெடுப்பில் அவர் ஏழையல்லர் என்பதற்குச் சாட்சியாக நிற்கக்கூடிய நிலை உருவானது. படகு செல்வத்தின் அடையாளமா, உளியையும் ஏரையும் போல வெறும் கருவியா என்ற வினாவை அந்தப் படிவம் எழுப்பவேயில்லை. மத்தியப் பட்டியலில் விடுபட்டோரைத் தன் செலவில் சேர்த்துக்கொண்டதன் வழியே தமிழ்நாடு இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஆனால் ஈடுசெய்யும் அந்த வாசலிலும் வருமானச் சான்று நிற்கிறது.

4. கடலில் சம்பள நாள் இல்லை

காப்பீட்டு அட்டை வேண்டுவோர் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். சான்று, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையிலிருந்து தொடங்குகிறது. அவர் முன் ஒரு மீனவர் போய் நின்றால், எந்த எண்ணை எழுதுவது?

கண்ணாடியிழைப் படகில் சம்பளம் கிடையாது, பங்குதான். விற்ற மீனின் பணத்தில் எரிபொருள், பனிக்கட்டிச் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கும் போனவர்களுக்கு மிச்சமும் என்று பிரிக்கிறார்கள். மீன்பாடு உள்ள நாளில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வரலாம். பாடு இல்லாத வாரத்தில் எரிபொருள் செலவே கடனாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சிறுபடகும் பல நாள் கடலுக்குள் போக முடியாது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. அப்படியொரு இரவில் படகும் வலையும் போனால், அந்த ஆண்டு வருமானம் எதிர்மறையாகவே இருக்கும். ஆனால் சான்றில் எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை. மொத்த வரவா, செலவு போக மிச்சமா? நல்ல ஆண்டா, மோசமான ஆண்டா? படகுக்காரர் வட்டிக்கு வாங்கிய கடனைக் கழிக்கலாமா? படிவம் இவற்றில் எதையும் கேட்பதில்லை.

மாமல்லபுரத்துச் சிற்பியின் கணக்கும் இதே போன்றதுதான். 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும், 2017இல் கிடைத்த புவிசார் குறியீடும் இக்கலைக்குப் பெயர் சேர்த்தன. ஆனால் பட்டறையில் உளி பிடிப்பவருக்குக் கிடைப்பது வேலைக்கேற்ற கூலி. கோயில் திருப்பணி ஒன்று வந்தால் சில மாதம் நிரம்பிய வேலை. 2020இல் பெருந்தொற்றால் நினைவுச்சின்னங்கள் மூடப்பட்டுச் சுற்றுலா நின்றபோது, சிறு சிற்பங்களை விற்றுப் பிழைத்தோருக்கு வரவே நின்றது. இப்படி ஏறியிறங்கும் வருமானத்துக்கு ஆண்டுச் சராசரி என்ற ஒன்றைக் கற்பிப்பதே செயற்கையானது. நோய் அந்தச் சராசரியைப் பார்த்து வருவதில்லை. பெரும்பாலும் கை வறண்ட மாதத்தில்தான் அது குடும்பத்தை அதிகம் தாக்குகிறது.

ஆகவே கிராம நிர்வாக அலுவலர் எழுதும் எண் ஒரு கணிப்பு. அது பரிவோடு குறைத்தும் எழுதப்படலாம். சந்தேகத்தோடு கூட்டியும் எழுதப்படலாம். பரிவு கிடைத்தவர் உள்ளே, கிடைக்காதவர் வெளியே என்ற நிலை வந்தால், அது உரிமையாக இருப்பதில்லை, தயவாகிவிடுகிறது. இதில் அலுவலரைக் குறை சொல்வதற்கு இடமில்லை. அளக்க முடியாததை அளக்கச் சொன்னது திட்டம்.

இன்னொரு பக்கம், கோட்டுக்கு மிகக் கீழே இருப்பவர்கள் எண்ணைப் பற்றிய விவாதத்துக்கே வந்து சேர்வதில்லை. இம்மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் பட்டா, நிலையான முகவரி, சாதிச் சான்று ஆகியவற்றுக்கான போராட்டம் பல பத்தாண்டுகளாக நடப்பது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு, நாடெங்கும் பாம்புக்கடி முறிமருந்து தயாரிப்புக்கு அடிப்படை. பிறர் உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தரும் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், குடும்ப அட்டையில் ஒரு பெயர் விடுபட்டதற்காகக் காப்பீட்டுக்கு வெளியே நிற்க நேருமானால், வருமான வரம்பு சரியான இடத்தில் இருந்தும் பயனில்லை. ஏழ்மையை நிரூபிக்கும் பாரத்தை ஏழையின் தலையில் வைக்கும் எந்த முறையும் மிக ஏழையானவரை முதலில் இழக்கிறது.

திட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வாழும் வெளிமாநிலத் தொழிலாளருக்கும் உரிய சான்றோடு இடமுண்டு. ஒரு குழுவின் வாழ்நிலையே போதிய சான்று என்று ஏற்கும் முறை திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. 2009இன் நல வாரிய உறுப்பினர் வழியும் அத்தகையதே.

5. செலவின் படிக்கட்டில் உடைந்த படி

வருமானம் தகுதியை மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் எவ்வளவு கட்டுகிறார் என்பதையும் தீர்மானிக்கிறது. இங்கே படிக்கட்டை மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்க வேண்டும்.

அடிப்படியில் காப்பீட்டு அட்டைக்காரர்: கட்டுவது சுழியம். அதற்கு மேல் ஈ.எஸ்.ஐ. தொழிலாளி: 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி 3.25 சதவீதம். 20,000 ரூபாய் வாங்குபவருக்கு 150 ரூபாய்; முதலாளிக்கு 650. நாளொன்றுக்குச் சராசரி 176 ரூபாய் வரை வாங்குபவரிடம் பிடித்தமே இல்லை. வருமானத்துக்கேற்பக் கட்டு, தேவைக்கேற்பப் பெறு என்ற நெறிக்கு நம்மிடம் உள்ள சிறந்த எடுத்துக்காட்டு இதுதான். புறநோயாளிச் சிகிச்சையும், நோய்க்கால ஊதிய ஈட்டுத்தொகையும் இதில் உண்டு.

ஆனால் 21,000 ரூபாயில் இந்தப் படி முறிகிறது. மறைமலை நகர்த் தொழிலாளி ஒருவருக்கு 20,900 ரூபாய் 21,100 ஆனால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பாதுகாப்பு தொடரும். அதன்பின் அவர் புதிய காலத்துக்குள் நுழைய முடியாது. 200 ரூபாய் உயர்வுக்காகக் குடும்பமே மருத்துவப் பாதுகாப்பை இழக்கிறது. நிறுவனம் குழுக் காப்பீடு எடுத்திருந்தால் தப்பினார். இல்லையென்றால் முதலமைச்சர் திட்டத்தின் கோடும் அவருக்கு மிகக் கீழே போய்விட்டது. 2017க்குப் பின் ஊதியங்கள் உயர்ந்தும் வரம்பு நகராததால், ஒவ்வோர் ஊதிய ஒப்பந்தமும் ஒரு பகுதியினரை வெளியே தள்ளுகிறது. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் பொதுவாக ஈ.எஸ்.ஐ.க்குள் வருவதேயில்லை. கல் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ், ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்ட வகையைச் சேர்ந்தது. மின்கருவிகள் வந்து தூசி பெருகிய சிற்பப் பட்டறைத் தொழிலாளிக்கோ, பட்டறை சிறியது என்பதாலேயே அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

அரசு ஊழியர் படியில் வேறொரு சிக்கல். மாநில அரசின் புதிய மருத்துவக் காப்பீட்டில் 2021 ஜூலை முதல் மாதப் பிடித்தம் 300 ரூபாய். கடைநிலை ஊழியருக்கும் உயர் அலுவலருக்கும் அதே தொகை. 30,000 ரூபாய் வாங்குபவருக்கு அது 1 சதவீதம், 1.5 லட்சம் வாங்குபவருக்கு 0.2 சதவீதம். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமோ ஊதிய நிலைக்கேற்ப 250, 450, 650, 1,000 ரூபாய் என்று படிப்படியாகப் பிடிக்கிறது. அரசுகளுக்கு வருமானத்துக்கேற்பச் செலவைப் பகிர்ந்தளிக்கத் தெரியாமல் இல்லை. எங்கே அதைச் செய்வது என்பது தேர்வுதான்.

மேல் படியில் நிற்போருக்கும் பொதுப் பணம் போகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. வருமான வரிச் சட்டம், பழைய வரி முறையில் இருப்போருக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரை கழிவு தருகிறது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு இதனால் மிச்சமாவது, கூடுதல் தீர்வையையும் சேர்த்து 7,800 ரூபாய். ஒன்பது ஏழைக் குடும்பங்களுக்கு மாநில அரசு கட்டும் பிரீமியம் 7,641 ரூபாய். ஒன்று மத்திய அரசு விட்டுக்கொடுக்கும் வரி, மற்றது மாநில அரசின் செலவு என்பது உண்மை. ஆனால் இரண்டும் பொதுப் பணமே. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதும், ஏற்கெனவே பிரீமியம் கட்ட முடிந்தவருக்குத்தான் முதலில் பயன் தரும்.

ஆக, கீழே முழுப் பிரீமியமும் அரசு தருகிறது. மேலே வரிச் சலுகை தருகிறது. நடுவில் எதுவும் இல்லை. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்தைத் தாண்டியும், ஈ.எஸ்.ஐ.க்குள் வராமலும், வரி கட்டும் உயரத்துக்குப் போகாமலும் இருக்கும் விடுதி ஒப்பந்தப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், மீன் வியாபாரம் செய்யும் பெண், சொந்தப் பட்டறைச் சிற்பி ஆகியோரே அந்த நடுப்பகுதியினர். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர், இப்படி விடுபட்ட நடுப்பகுதியினர் என்று மதிப்பிட்டது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் அரசு மருத்துவமனையில் சராசரிச் செலவு 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். கோட்டைச் சற்றே தாண்டிய குடும்பத்துக்குத் தனியார் மருத்துவமனைச் செலவு மூன்று மாத வருமானத்துக்கும் மேல். கோட்டுக்குக் கீழே ஒரு ரூபாய் குறைந்திருந்தால் அது சுழியம்.

6. கோடு போடாத மரபு

வருமானக் கோடு தவிர்க்க முடியாதது என்று வாதிடுவோர் தமிழ்நாட்டின் சொந்த அனுபவத்தை மறந்துவிடுகிறார்கள். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் பொதுவான ரேஷனைத் தொடர்ந்தது. கோடு போட்டால் விடுபடுபவர் யார் என்பதை இம்மாநிலம் அறிந்திருந்தது. அரசு மருத்துவமனையின் வாசலிலும் வருமானம் கேட்கப்படுவதில்லை. 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இன்றும் இக்கடற்கரைக்கு முதல் புகலிடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரையைச் சம்பளம் கேட்டுக் கொடுப்பதில்லை.

இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில் இன்னுயிர் காப்போம் திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம், தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை, வரையறுக்கப்பட்ட 81 சிகிச்சைகள் இலவசம். தனியார் மருத்துவமனையிலும் செல்லும். காப்பீட்டு அட்டை உண்டா, வருமானம் என்ன, எந்த மாநிலம் என்ற கேள்விகள் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் இரத்தம் சிந்தியவரிடம் வருமானச் சான்று கேட்பது மனிதத்தன்மை ஆகாது என்று அரசு சரியாகவே முடிவுசெய்தது. அதே சாலையில் வண்டி ஓட்டும்போது மாரடைப்பு வந்தவரிடம் அதைக் கேட்பதற்கு என்ன அடிப்படை என்ற வினாவுக்கு விடை இல்லை.

நாடளவிலும் 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கப்பட்டது. தாய்லாந்து 1975 முதல் ஏழைகளுக்கான அட்டைகளை வைத்துத் தடுமாறியபின், 2002இல் வேறு திட்டங்களில் இல்லாத அனைவரையும் ஒரே பொதுத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது; முறை ஒன்றுக்கு 30 பாட் என்ற சிறு கட்டணமே இருந்தது. எஞ்சியோர் எல்லோரும் உள்ளே என்பதே அந்நாடு கண்ட எளிய விதி. ஜெர்மனியில் ஊதியத்தில் குறிப்பிட்ட சதவீதமே பங்களிப்பு. வருமானம் எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சொல்கிறது, சிகிச்சை உண்டா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் அடிப்படை: வருமானத்தைச் செலவுப் பகிர்வில் பயன்படுத்தலாம், தகுதியில் பயன்படுத்தக் கூடாது.

7. மறுப்புகளை எடைபோடல்

முதல் மறுப்பு நிதி. மாநிலத்தில் சுமார் 2.2 கோடிக் குடும்ப அட்டைகள் உள்ளன, 2022 அறிவிப்பின்படி திட்டத்தில் 1.37 கோடி. எஞ்சிய சுமார் 83 லட்சம் குடும்பங்களுக்கும் 849 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 705 கோடி ரூபாய் அளவில் வரும். ஆண்டுக்கு 20,000 கோடிக்கு மேல் செலவிடும் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு இது பெருந்தொகை என்றாலும் எட்டாத தொகை இல்லை. விரிவாக்கினால் பிரீமியம் அதே அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது; சற்று வசதியானவர் தனியார் மருத்துவமனைகளை அதிகம் நாடுவார். ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே ஈ.எஸ்.ஐ., அரசு ஊழியர் திட்டங்களில் இருப்பதால் சேர்க்க வேண்டியவர் எண்ணிக்கை குறையும். 2.5 லட்சத்துக்கு மேல் ஈட்டுவோரிடம் படிநிலைப் பங்களிப்பு பெறவும் வழி உண்டு.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. பொதுச் சுகாதார ஆர்வலர்கள் நெடுநாளாக எழுப்புவது. காப்பீட்டை எல்லோருக்கும் விரித்தால் பொதுப் பணம் தனியார் மருத்துவமனைக்குப் போய், அரசு மருத்துவமனை மெலியும் என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. காப்பீடு மருத்துவமனையில் படுப்பதையே முதன்மையாக ஏற்கிறது. மாத்திரைச் செலவு, துணைக்கு வந்தவரின் உணவு, இழந்த கூலி ஆகியவை குடும்பத்தின் மேலேயே விழுகின்றன. சிலிக்கோசிஸ் போன்ற நீண்டகால நோயாளிக்கு அறுவைச் சிகிச்சைத் தொகுப்பால் என்ன பயன்? ஆனால் இந்த வாதம் வருமானக் கோட்டுக்கு ஆதரவாகாது. விடுபட்ட நடுக் குடும்பத்தைத் திட்டத்துக்கு வெளியே வைப்பதால் அரசு மருத்துவமனை வலுவடைவதில்லை. அக்குடும்பம் நகையை அடகு வைத்துத் தனியாருக்குப் போகிறது, அவ்வளவுதான். இத்திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகையை ஈட்டி, கருவிகளும் பொருத்துப்பொருள்களும் வாங்கிக்கொள்கின்றன. எல்லோரும் உள்ளே வந்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நோயாளியோடும் அந்த வரவும் வரும்.

மூன்றாவது மறுப்பு: வசதியுள்ளவர் ஏழையின் பங்கைத் தின்றுவிடுவார் என்பது. ரேஷன் கடையின் அனுபவம் இதற்கு விடை. உரிமை எல்லோருக்கும் இருந்தும், தேவையில்லாதவர் பெரும்பாலும் வரிசைக்கு வருவதில்லை. அவர் வந்தாலும், அவருடைய குரல் அந்த வரிசையின் தரத்தைக் காக்கும் குரலாகிறது.

8. முடிவு

இந்தப் பரிசீலனையிலிருந்து மூன்று முடிவுகள் எழுகின்றன. சம்பளச் சீட்டு உள்ள இடத்தில் வருமானம் ஓர் அளவு. பங்கிலும் கூலியிலும் வாழும் இடத்தில் அது ஒரு கணிப்பு. கணிப்பின் மேல் உயிர்காக்கும் உரிமையைக் கட்டக் கூடாது. அடுத்து, விலைவாசியோடும் கூலியோடும் இணைக்கப்படாத கோடு ஒவ்வோராண்டும் தானாகவே சிலரை வெளியேற்றும். அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. கடைசியாக, இன்றைய அமைப்பில் பொதுப் பணம் இரு முனைகளுக்கும் போய், நடுவே பள்ளம் விழுந்திருக்கிறது.

2022இல் செய்த ஐந்தாண்டு ஒப்பந்தம் 2027 ஜனவரியோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தகுதி விதி எழுதப்படும். அதில் குறைந்தபட்சம் உரிமைத் தொகையின் 2.5 லட்சமாவது வரம்பாக வேண்டும். அது ஆண்டுதோறும் கூலியோடு நகர வேண்டும். மீனவர் நல வாரியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்றவற்றின் உறுப்பினர் அட்டையே போதிய சான்றாக வேண்டும். இருளர் குடியிருப்புகளுக்குப் பதிவு மையம் தேடிச் செல்ல வேண்டும். அதைத் தாண்டிய இலக்கு, வேறு திட்டத்தில் இல்லாத எவரும் குடும்ப அட்டையைக் காட்டினால் போதும் என்ற ஒற்றை வரி. அரிசிக்கு அந்த வரியை எழுதிய மாநிலம் இது. விபத்துக்கு மேல்மருவத்தூரில் எழுதியதும் இதுவே. பட்டிபுலத்தில் விடியற்காலையில் படகு தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஒருவருக்கும் அதே வரியை எழுதிவைப்பது, இம்மாநிலம் தன் சொந்த நியாயத்தை முழுமையாக்கிக்கொள்வதே ஆகும்.